பங்காளி குழிக்குப் போற மண்ணு

மண்ணைப் புடிச்சு நிறுத்தறதுதாங்க எங்க வேலை. ஆனா நின்ன மண்ணை யாருங்க நின்னு பார்க்கறாங்க?

நான் குன்னூர்ப் பக்கம் மண் பாதுகாப்பு ஆபீஸ்ல ஃபீல்டு வேலை பார்க்கறவ. ஓடைத் தண்ணி பாயற காய்கறித் தோட்டங்களுக்குப் போய், "சரிவைப் படியா வெட்டுங்க, வடிகால் எடுங்க, மழையில மண்ணு போகாது"ன்னு சொல்லணும். சொல்றது என் வேலை, கேக்கறது அவங்க வேலை இல்லைன்னு இத்தனை வருசத்துல நல்லாவே தெரிஞ்சுக்கிட்டேன். அங்கன்வாடியில சத்துமாவு குடுக்கறவங்க, பாலிசி போடச் சொல்லி அலையறவங்க, ஹெல்மெட் மாட்டச் சொல்ற போலீஸ்காரங்கன்னு, நல்லதைச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரங்கதான். உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். மத்தவங்க படிச்சுச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

வானவில் விடற பிரபு

எங்க ஆபீஸ்லயே அடுத்த ரூம்ல பிரபுன்னு ஒரு தம்பி. அவனுக்கு ஸ்பிரிங்ளர் வேலை. ஓடையில இருந்து குழாய் இழுத்து, தோட்டத்துல தண்ணி தெளிக்கற கருவி மாட்டிக் குடுக்கணும். நல்ல பையன்தான், என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான். ஆனா உண்மையைச் சொல்லிடறேன், அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவன் ஒரு தோட்டத்துக்குப் போயிட்டு வந்தா ஸ்கூட்டர் முன்னாடி கேரட் கட்டு, பின்னாடி முட்டைக்கோஸ். வேண்டாம்னாலும் விட மாட்டாங்களாம். அதே தோட்டத்துக்கு நான் போனா வரட்டீ. பால் இருக்கற ஊட்டுலயே எனக்கு வரட்டீ.

ஒரு நாள் காலையில ஜெகதளாவுல இருந்து பஸ்ல வந்துட்டு இருந்தேன். கீழே பள்ளத்துல அவன் போட்ட ஸ்பிரிங்ளர் பூராவும் ஒரே நேரத்துல சுத்துது. வெயில் பட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு வானவில். பக்கத்து சீட்டு அம்மா ஜன்னல்ல முகத்தை வெச்சுக்கிட்டு, "பிரபு சார் போட்டதாம், தங்கமான மனுசன்"னாங்க. எனக்குப் பொறுக்கல. "அதுக்கு அந்தாண்ட பாருங்க, மலைச் சரிவுல படி படியா தெரியுதுங்களா, அது நாங்க போட்டது"ன்னேன். அந்தம்மா கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"அதுங்களா? அது முன்னேயிருந்தே அப்படித்தானுங்களே கெடக்குது."

நேரா இறங்கற பாத்தி

எங்க மலையில கேரட் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட மாட்டாங்க. மேலிருந்து கீழே நேரா இறக்குவாங்க. மழைத் தண்ணி பாத்திக்கு நடுவுல ஓடி நேரா ஓடையில போய் விழும். கூடவே மண்ணும் போகும். புதுசா வேலைக்கு வர்றவங்க எல்லாம், "பாவம், தெரியாம பண்றாங்க"ன்னு நினைப்பாங்க. நானும் அப்படி நினைச்சுத்தான் ஆலண்ணன் தோட்டத்துக்குப் போனேன். ஆலண்ணன் படகர். ஓடைக்கு மேலே நல்ல சரிவுல அவருக்குத் தோட்டம். கேரட் போடறதுல கெட்டிக்காரர்.

மண்ணு எப்படிப் போகுதுன்னு நான் கையாட்டி விளக்கமாச் சொன்னேன். மரியாதையாக் கேட்டுக்கிட்டார். அப்புறம் ஒரு கேரட்டைப் புடுங்கிக் கையில குடுத்தார். பாதி அழுகிக் கொழகொழன்னு இருந்துச்சு. தோட்டத்துல ஒரு மூலை மட்டும் கொஞ்சம் சமமா இருக்கும், அங்க தண்ணி தேங்குமாம். "படி வெட்டினா தோட்டம் முச்சூடும் இப்படித்தான் ஆகும்"னார். படியை உள்பக்கம் லேசாச் சாய்ச்சு வெட்டினா, சுவரோரமா தண்ணி ஓடி வடிகாலுக்குப் போயிடும்னு நான் சொன்னதெல்லாம் அவர் காதுல ஏறவே இல்லை.

"மேடம், மண்ணு போனா ஓடைக்குப் போகுது. கேரட் அழுகினா என் ஊட்டு அடுப்புல கை வைக்குது."

சுருட்டி எடுத்துட்டுப் போலாமுங்க

சிறுமுகைப் பக்கத்துல இருந்து வந்து, குத்தகைக்குத் தோட்டம் எடுத்து முட்டைக்கோஸ் போடற ஒருத்தர் இருந்தார். நான் எத்தனை தடவை படியேறிப் போயும், "பார்க்கலாமுங்க, பார்க்கலாமுங்க"ன்னே ஓட்டிட்டார். ஒரு நாள் போனா அங்க பிரபுவோட ஸ்பிரிங்ளர் சுத்துது. பிரபு ஒரே தடவைதான் போனானாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். செருப்பைக் கூடக் கழட்டாம ஈரப் பாத்தி மேலயே நடந்து போய், "அவன் சொன்னா மட்டும் கேக்கறீங்க, நான் சொன்னா ஏனுங்க கேக்க மாட்டேங்கறீங்க"ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டேன். மனுசன் கோவிச்சுக்கவே இல்லை.

"ஏனுங்க மேடம், குத்தகை முடிஞ்சா குழாயைச் சுருட்டி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிருவேன். படியைச் சுருட்ட முடியுங்களா? நான் முதுகு ஒடிய வெட்டி வெச்சா, அடுத்த வருசம் ஓனரு அதைத் தன் மச்சானுக்கு உட்டுருவாருங்க."

பூண்டு மேல சேறு

இனிமேல் சொல்றதெல்லாம் ஒரே பள்ளத்துல நடந்தது. ஆலண்ணன் தோட்டத்தை ஒட்டியே பெள்ளியண்ணன் தோட்டம். ரெண்டு பேரும் பங்காளிங்க, அண்ணன் தம்பி மக்க. ஒருத்தர் தோட்டத்துல கேரட் நிறமா வந்தா இன்னொருத்தருக்குச் சோறு இறங்காது. அந்த ரெண்டு தோட்டத்துக்கும் கீழே, ஓடைக்கரையில, சரோஜாக்காவோட சின்னத் தோட்டம். அவங்க ஊட்டுக்காரர் டீ ஃபேக்டரியில வேலை பார்த்து, கடைசியில வாங்கிப் போட்ட பூமி அது. அவர் போனதுக்கு அப்புறம் அக்கா ஒத்தையாளா பூண்டு போடறாங்க.

மழை வந்தா மேலே ரெண்டு தோட்டத்துத் தண்ணியும் நடு எல்லையில சேர்ந்து, நேரா அக்கா தோட்டத்துலதான் இறங்கும். போன ஐப்பசியில நான் போனப்போ, முளைச்சு நின்ன பூண்டு மேல சேறு மூடிக் கிடந்துச்சு. அக்கா குத்த வெச்சு உக்காந்து, விரலால தோண்டித் தோண்டி ஒவ்வொரு முளையா வெளிய எடுத்துட்டு இருந்தாங்க. எடுத்தது பூராவும் மஞ்சப் பூத்துப் போயிருந்துச்சு. எல்லையோரமா ஒரு வடிகால் எடுத்து, தண்ணியை அக்கா தோட்டத்துக்குச் சுத்தி ஓடையில விட்டா தீர்ந்துச்சு. ஆனா வடிகால் போறதுக்கு மேலே யாராவது ஒருத்தர் ரெண்டு முழ அகலத்துக்கு இடம் விடணும். நான் பேசிப் பார்க்கறேங்க்கான்னேன். அக்கா என்னை நிமிர்ந்து கூடப் பார்க்கல.

"இன்னொரு ஐப்பசி இப்படிப் போச்சுன்னா பூமியை வந்த விலைக்குத் தள்ளிட்டு, மேட்டுப்பாளையத்துல மில்லு வேலைக்குப் போயிருவேன் அம்மிணி."

ரெண்டு முழம்

பெள்ளியண்ணன்கிட்ட போனேன். பெரிய மனுசன், ஊர்ல நல்ல பேரு. கோயில் காரியம்னா முதல் ஆளா நிப்பார். அந்த நம்பிக்கையில ரெண்டு முழம் இடம் கேட்டேன். முடியாதுன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. ஒவ்வொரு மழைக்கும் அதைவிட எத்தனையோ மடங்கு மண்ணு அவர் தோட்டத்துல இருந்து இறங்குது. அப்பா காலத்துல இருந்து போட்ட எருவெல்லாம் ஓடையில போகுது. அதை அவர் கண்ணு முன்னாடியே காட்டினேன். பாத்தி ஓரத்துல கேரட் தலை வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு, சுத்தி இருந்த மண்ணைக் காணோம். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வரட்டீயும் குடுத்தார்.

"மழை கொண்டு போறது வேற மேடம். நானா எடுத்துக் குடுக்கறது வேற."

பிரபுவோட போன்

அடுத்த வாரம் பெள்ளியண்ணன் ஊட்டு வழியா இறங்கிட்டு இருந்தேன். வாசல்ல பிரபு சேர் போட்டு உக்காந்து டீ குடிச்சுட்டு இருக்கான். பால் டீ. தட்டுல முறுக்கு வேற. ஸ்பிரிங்ளருக்குப் பெள்ளியண்ணன் அன்னிக்கே சரின்னுட்டாராம். குழாய் போக எல்லையோரம் இடமும் விடறாராம். எனக்குக் குடுக்காத அதே எல்லை. அக்கா வாங்கன்னு அவன் கூப்பிட்டது காதுல விழாத மாதிரி நடந்துட்டேன். அன்னிக்குப் பூராவும் ஆபீஸ்ல அவன்கூட ஒரு வார்த்தை பேசல. ஃபேனை நிறுத்தட்டுமான்னு கேட்டதுக்குக் கூட பதில் சொல்லல. குன்னூர்க் குளிர்ல ஃபேன் எதுக்குன்னு கேக்காதீங்க, கொசுவுக்கு.

சாயங்காலம் நான் கெளம்பற நேரத்துக்கு அவன் போன் அடிச்சுது. யாரோ காட்டுக் கத்தல் கத்தறாங்க. குழாய் உடைஞ்சுடுச்சாம், தண்ணி பக்கத்துத் தோட்டத்துக்குப் போகுதாம். அவன் "சரிங்கண்ணா, சரிங்கண்ணா"ன்னு சொல்லிட்டு வெச்சான். வெச்ச உடனே அடுத்த போன். கருவி சுத்தலையாம், ஓடைத் தண்ணியில சேறு வந்து அடைச்சுக்குச்சாம். அதுவும் திட்டுதான். அவன் நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு என்னைப் பார்த்தான்.

"உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்குக்கா. நீங்க வெட்டின படி உடைஞ்சுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது போன் பண்ணித் திட்டியிருக்காங்களா?"

யாரு குழி

பெள்ளியண்ணன் கைவிட்டதும் ஆலண்ணன்கிட்ட போனேன். பெரிய நம்பிக்கை எல்லாம் இல்லை. வடிகால்னா வெறும் கால்வாய் இல்லைங்க, நடுநடுவுல குழி எடுப்போம், ஓடி வர்ற மண்ணு பூராவும் அதுல படிஞ்சுக்கும், தண்ணி மட்டும் கீழே போகும்னு சொன்னேன். அதுவரைக்கும் கொட்டாவி விட்டுட்டு இருந்தவர் நிமிர்ந்து உக்காந்தார். "படியற மண்ணு யாருக்கு?"ன்னார். "குழி யாரு இடத்துல இருக்குதோ அவங்களுக்குத்தானுங்க"ன்னேன். "பெள்ளி தோட்டத்துல இருந்து வர்ற மண்ணும் அதுல விழுமா?"ன்னார். விழும்னேன். "அப்ப எல்லையில என் பக்கமே போடுங்க"ன்னுட்டார். நான் அன்னிக்கே குச்சி அடிச்சு, சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு வந்தேன்.

மறுநாள் ஆபீஸ் தொறக்கறதுக்கு முன்னாடியே பெள்ளியண்ணன் வாசல்ல நிக்கறார். வெள்ளைச் சால்வையைப் போத்திக்கிட்டு, கல்யாணத்துக்குப் போற மாதிரி வந்திருந்தார். பிரபுவைத்தான் பார்க்க வந்திருப்பார்னு நினைச்சு, அவன் இன்னும் வரலைங்கண்ணான்னேன். அவர் பிரபுவைக் கேக்கவே இல்லை. வடிகால் தன் பக்கம் வரணுமாம், ரெண்டு முழம் என்ன, மூணு முழமே விடறாராம், குழியை மட்டும் நல்லா ஆழமா எடுக்கணுமாம். ஆலண்ணனைக் கேட்டேன். "அவர் இடம், அவர் குடுத்தா நான் யாரு தடுக்க"ன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். எப்படியோ, வடிகால் பெள்ளியண்ணன் இடத்துல இறங்கிடுச்சு. வேலைக்காரங்க மண்வெட்டி எடுத்த அன்னிக்கு அவரே பக்கத்துல நின்னு ஆழம் பார்த்தார்.

"என் மண்ணு போய் அவன் குழியில படுக்கக் கூடாது மேடம்."

ஆலண்ணன் படி

ஆவணியில ஒரு மழை புடிச்சுது. விட்டதும் போய்ப் பார்த்தேன். முதல் குழி கழுத்து வரைக்கும் ரொம்பி, கறுப்பா, பொதபொதன்னு மண்ணு. பெள்ளியண்ணன் ஆளுங்களை விட்டுக் கூடை கூடையா அள்ளித் தன் கேரட் பாத்தியில போடறார். அள்ளற கூடை ஒவ்வொண்ணையும் மேலே தன் தோட்டத்துல நின்னு ஆலண்ணன் பார்த்துட்டு இருந்தார். நான் வணக்கம் வெச்சேன், அவர் கவனிக்கல. அவர் கண்ணு கூடை பின்னாடியே போச்சு.

ரெண்டு நாள்ல போன் வந்துச்சு. படி வெட்டணுமாம். சீக்கிரம் வெட்டணுமாம், ஐப்பசிக்கு முன்னாடி. நான் எத்தனை வருசமாக் கெஞ்சின படி. கேரட் அழுகிடுமேன்னு நான்தான் இப்போ கேக்க வேண்டியதாப் போச்சு. உள்பக்கம் சாய்ச்சு வெட்டினா அழுகாதுன்னு நீங்கதானே சொன்னீங்கன்னு எனக்கே பாடம் எடுத்தார். கீழிருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா மேலே ஏறி, மேல்மண்ணைத் தனியா ஒதுக்கி, திரும்பப் பரப்பின்னு வேலை ஜோரா நடந்துச்சு. பாத்தி எல்லாம் குறுக்கே திரும்பிடுச்சு. மண்ணைப் பத்தியும் எருவைப் பத்தியும் நாட்டு நலத்தைப் பத்தியும் நான் பேசின பேச்சு அத்தனையும் பண்ணாததை ஒரு கூடை பண்ணிடுச்சுன்னு நினைச்சா எனக்கு அந்தக் கூடை மேலயே கடுப்பு.

"என் தோட்டத்து மண்ணு ஒரு கைப்பிடி கூட அந்தக் குழிக்குப் போகக் கூடாது. அதுக்கு என்ன வெட்டணுமோ வெட்டுங்க மேடம்."

ஐப்பசி

ஐப்பசி மழை இந்த வருசம் ஒண்ணும் குறைச்சலா இல்லைங்க. பர்லியார்ப் பக்கம் ரோட்டுல மரம் விழுந்து பஸ் நின்னுச்சு. எங்க தெருவுல ஓடு பறந்துச்சு. எனக்குப் படுக்கையில புரண்டாலும் நினைப்பெல்லாம் சரோஜாக்கா பூண்டு மேலதான். வடிகால் ஓரம் இடிஞ்சுருக்குமோ, குழி ரொம்பி வழிஞ்சுருக்குமோன்னு எழுந்து எழுந்து ஜன்னல்ல மழையைப் பார்த்தேன். அவங்க மில்லுக்குப் போயிட்டாங்கன்னா அந்தப் பள்ளத்துல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இறங்கறது?

மழை விட்ட அன்னிக்கே ஓடினேன். பிரபுவும் ஸ்கூட்டர்ல கூட வந்தான், சும்மா பார்க்கலாம்னு. மேலே ஆலண்ணன் படியில தண்ணி சுவரோரமா வாலாட்டிக்கிட்டு ஓடுது. வடிகால் பழுப்பா இரைஞ்சுக்கிட்டு இறங்கி, அக்கா தோட்டத்தைத் தொடாம சுத்திக்கிட்டு ஓடையில விழுது. கீழே பூண்டு பூராவும் பச்சைப் பசேல்னு நிக்குது. ஒரு முளை மேல கூட சேறு இல்லை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பிரபு பார்க்காம முந்தானையில துடைச்சுக்கிட்டேன். அக்கா களை எடுத்துட்டு இருந்தாங்க. மில்லுப் பேச்சையே காணோம். அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு எங்க வாங்கலாம்னு பிரபுகிட்ட விசாரிச்சாங்க. என்கிட்ட இல்லை, பிரபுகிட்ட.

நான் மெதுவா பேச்சை எடுத்துக் குடுத்தேன். "இந்த வருசம் தோட்டம் தப்பிச்சுருச்சுங்களேக்கா"ன்னேன். இப்பவாவது ஒரு வார்த்தை வரும்னு காத்துக்கிட்டு நின்னேன். "ஆமா அம்மிணி, இந்த வருசம் மழை அடக்கமா பேஞ்சுது, மகராசி"ன்னாங்க அக்கா. பிரபு திரும்பிக்கிட்டு இருமற மாதிரி சிரிச்சான். இத்தனை நாள் இவன் மேல பட்ட பொறாமை பத்தாதுன்னு, அன்னிக்கு மழை மேலயும் சேர்த்துப் பட்டேன். சரி, தோட்டம் தப்பிச்சுதே, அது போதும்னு மனசைத் தேத்திக்கிட்டுக் கெளம்பினேன். அக்கா கையில இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டு எழுந்து, மேலே பெள்ளியண்ணன் குழியையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னாங்க.

"முன்னாடியெல்லாம் மேலே இருந்து நல்ல மண்ணு எனக்குத்தான் வரும் அம்மிணி. இப்ப பூராவும் அவரு குழியிலேயே நின்னுக்குது. எனக்கும் ஒரு குழி வெட்டிக் குடுங்க, அதைவிடப் பெருசா."

எங்க மலையில தண்ணி கீழே போகுது, மண்ணு கீழே போகுது, பொறாமை ஒண்ணுதான் மேலே பார்த்து ஏறுது. அது இல்லைன்னா எனக்கு இந்த வேலையே ஓடாதுங்க.